கணினி வந்த வழி – 18: நூறுக்கு நூற்றறுபது

சென்ற அத்தியாயத்தைக் கோன்ராட் ஸூஸேயின் இஸட்4 எந்திரத்தோடு நிறுத்தினோம். 1950இல் சூரிச் தொழில்நுட்பக் கழகத்துக்கு வாடகைக்குப் போன எந்திரம் அது. பழுதான ரிலேயைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வது அதை இயக்கியவர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. அந்தத் தலைமுறைக் கணினியை வைத்திருப்பவருக்கு அதன் உள்ளே இருப்பதும் தெரிந்தே ஆகவேண்டும். வேறு வழி கிடையாது.

முப்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1980களின் நடுவில் மேற்கு ஜெர்மனி வீடுகளில் கமடோர் 64 சக்கைப்போடு போட்டது. விசைப்பலகைப் பெட்டிக்குள் ஒரே போர்டு. புராசஸர், நினைவகம், படம் காட்டும் சிப் எல்லாம் அதிலேயே. மலிவு, கைக்கு அடக்கம். ஆனால் வேகமான புராசஸர் வேண்டுமா? வேறு கணினி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கணினி ஒரு வீட்டுச் சாமானாக மாறியபோது, திறந்து பார்க்கும் உரிமையை வாங்குபவர் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தார்.

அதே ஆண்டுகளில், அதே ஜெர்மனியில், சிலர் எதிர்த்திசையில் நடந்தார்கள். மியூனிக்கில் இரண்டு பொறியாளர்கள், ஹாம்பர்க்கில் ஒரு தொலைக்காட்சி நிலையம், சுவருக்கு அந்தப் பக்கம் கிழக்கு ஜெர்மனியில் ஓர் அரசு ஆலை. மூவருக்கும் ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லை. மூவரும் செய்தது ஒன்றுதான்: கணினியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனியே மாற்றக்கூடியதாக ஆக்கினார்கள்.

கழற்றி மாட்டும் கணினி என்றதும் திருகாணி சுலபமாகக் கழலும் பெட்டி ஒன்றுதான் நம் நினைவுக்கு வருகிறது. திருகாணியெல்லாம் சின்ன விஷயம். கார்டின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எத்தனையாவது ஊசியில் எந்தச் சமிக்ஞை வரும் என்ற பட்டியல் யாருடைய கையில் இருக்கிறது? அது ஊரறிந்ததா, ஒரு கம்பெனியின் அலமாரியில் பூட்டி வைத்ததா? இந்த அத்தியாயத்தின் கதை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஏ4 தாள் தந்தவர்கள்

நாம் விண்ணப்பம் எழுதும் ஏ4 தாளின் அளவு 1922இல் ஜெர்மனியில் தீர்மானமானது. தீர்மானித்தது டின் என்ற தர நிர்ணய நிறுவனம். 1917இல், முதல் உலகப் போருக்கு நடுவே, தொடங்கிய அமைப்பு அது. ஆணி, திருகு, குழாய், தாள் எதையும் விட்டுவைக்காமல் அளவு வகுத்தது. ஓர் ஆலையில் செய்த மரை இன்னோர் ஆலையில் செய்த ஆணியில் ஏறவேண்டும் என்பதுதான் அதன் வேதம்.

மின்னணுச் சாதனங்களுக்கும் இதே பாணியில் அளவுகள் வந்தன. 41494 என்ற தரநிலை, அடுக்குச் சட்டத்துக்கும் அதில் செருகும் போர்டுகளுக்கும் அளவு சொன்னது. அடிப்படைப் போர்டு 100 மில்லிமீட்டர் உயரம், 160 மில்லிமீட்டர் ஆழம். உலகம் இதை யூரோகார்டு என்று அழைக்கிறது. ஆழம் போதவில்லையா, 60 மில்லிமீட்டர் கூட்டி 220 ஆக்கிக்கொள்ளலாம். உயரம் போதவில்லையா, இரட்டைக் கார்டு உண்டு. அதன் உயரம் 200 இல்லை, 233.35. இந்தக் கோணல் எண்ணில்தான் வடிவமைத்தவர்களின் கணக்கு இருக்கிறது. சட்டத்தில் ஒரு தட்டின் உயரம் 133.35 மில்லிமீட்டர். ஒற்றைக் கார்டுகள் இரண்டை மேலும் கீழுமாக வைத்தால் நடுவில் 33.35 இடைவெளி விழும். இரட்டைக் கார்டு அந்த இடைவெளியையும் சேர்த்து நிரப்புகிறது. ஆக, பெரிய கார்டைக் கழற்றிய இடத்தில் சின்னக் கார்டுகள் இரண்டு அப்படியே உட்காரும். கீழே உள்ள இணைப்பியும் மேலே உள்ள இணைப்பியும் இம்மிகூட நகராது.

இணைப்பிக்கு எண் 41612. அதுவரை பல கணினிகளில் போர்டின் ஓரத்தையே செம்பு விரல்களாக விட்டு, அதை ஒரு பிளவுக்குள் சொருகுவது வழக்கம். செலவு குறைவு. ஆனால் அதிர்வு உள்ள இடத்தில் தொடுபுள்ளி தளரும், முலாம் தேயும், ஈரக்காற்றில் கறுக்கும். 41612 இரண்டு பாகமாக வந்தது. போர்டில் ஊசிகள், சட்டத்தில் துளைகள். ஒரு வரிசைக்கு 32, மூன்று வரிசை, மொத்தம் 96 ஊசி. ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே 2.54 மில்லிமீட்டர். இழுத்துக் கழற்றவும் கை வலு வேண்டும், தானாகக் கழலவும் செய்யாது.

இந்த அளவுகளுக்கு யாரும் உரிமைத்தொகை கட்டவேண்டியதில்லை. சட்டம் செய்பவர் ஒருவர், இணைப்பி செய்பவர் இன்னொருவர், போர்டு செய்பவர் மூன்றாமவர். மூவரும் சந்தித்துக்கொள்ளாமலே அவர்கள் செய்த பொருள்கள் பொருந்தின. இதன் வீச்சு கணினியைத் தாண்டியும் போயிற்று. 1990களின் நடுவில் மியூனிக் பக்கத்து டீட்டர் டோப்ஃபர் என்பவர் கழற்றி மாட்டும் சிந்தசைசர் ஒன்றைச் செய்தபோது, பெட்டிக்குப் புது அளவு தேடவில்லை. அதே தட்டு உயரத்தை எடுத்துக்கொண்டார். இன்று உலகெங்கும் மின்னிசைக்காரர்கள் அடுக்கி வைத்திருக்கும் யூரோரேக் பெட்டிகள் இந்தத் தொழிற்சாலைச் சட்டத்தின் பேரப்பிள்ளைகள்.

மியூனிக்கில் ஒரு மறுப்பு

1979இல் அமெரிக்காவின் மோட்டரோலா நிறுவனம் 68000 என்ற புராசஸரை வெளியிட்டது. கூடவே அதற்கேற்ற வெர்ஸாபஸ் என்ற அமைப்பையும் கொண்டுவந்தது. பஸ் என்றால் கார்டுகள் எல்லாம் பேசிக்கொள்ளும் பொது வழித்தடம். வெர்ஸாபஸ் போர்டு பதினான்கரை அங்குல அகலம்; ஒன்பதே கால் அங்குல உயரம். இணைப்பி ஓரச்செம்பு வகை. அமெரிக்க ஆலைகளுக்கு அது பெரிய தாம்பாளமாகத் தோன்றாமல் இருந்திருக்கலாம். ஐரோப்பாவில் அதைச் செருக அலமாரி இல்லை. அங்கே எல்லோரும் யூரோகார்டு சட்டங்களை வாங்கி அடுக்கிவிட்டிருந்தார்கள். மியூனிக் பக்கத்துக் கோன்ட்ரான் நிறுவனத்தின் இ.சி.பி. பஸ் போன்றவை அதே அளவில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன.

மியூனிக்கில் இருந்த மோட்டரோலாப் பொறியாளர்கள் மாக்ஸ் லோசெல், ஸ்வென் ரௌ இருவரும் தலைமையகம் அனுப்பியதை அப்படியே விற்க உட்காரவில்லை. வெர்ஸாபஸ்ஸின் தர்க்கத்தை வைத்துக்கொண்டு உடலை மாற்றினார்கள். போர்டு யூரோகார்டு, இணைப்பி 41612. ஒற்றைக் கார்டில் ஒரே இணைப்பி. 16 பிட் தரவும் 24 பிட் முகவரியும் அதில் போகும். 32 பிட் வேண்டுமென்றால் இரட்டைக் கார்டு, இரண்டாவது இணைப்பி. அந்த 233.35 கணக்கு இங்கே பலன் கொடுத்தது.

1981 அக்டோபரில் மியூனிக் நகரில் நடந்த சிஸ்டம்ஸ் கண்காட்சியில் மோட்டரோலா, மோஸ்டெக், சிக்னெட்டிக்ஸ் என்ற மூன்று நிறுவனங்கள் சேர்ந்து இதை அறிவித்தன. பெயர் வி.எம்.இ. பஸ். சிப் சந்தையில் ஒன்றையொன்று முந்தத் துடித்த நிறுவனங்கள் இவை. ஆனாலும் விவரக்குறிப்பைப் பொதுச்சொத்தாக விட்டன. யார் வேண்டுமானாலும் கார்டு செய்யலாம், அனுமதியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். 1987இல் அது ஐ.இ.இ.இ. 1014 என்ற சர்வதேசத் தரமாகவும் ஆனது.

பலன் என்ன? தொழிற்சாலை ரோபோ, ராணுவ ரேடார், ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வகத்தின் துகள் உணர்கருவிகள் எல்லாவற்றிலும் வி.எம்.இ. சட்டங்கள் ஏறின. நம் கல்பாக்கத்தில் வடிவமைத்த முன்மாதிரி அதிவேக ஈனுலையின் கட்டுப்பாட்டுக் கணினிகளும் வி.எம்.இ. பஸ்ஸை நம்பியவைதான். அணு உலைக்குப் பல பத்தாண்டு ஆயுள் போடுகிறார்கள். ஒரு கார்டு போனால் அதே இடத்தில் உட்காரும் இன்னொரு கார்டை நாமே செய்துகொள்ள முடியுமா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. கார்டு செய்த கம்பெனி மூடிப்போனால் உலை நிற்கக்கூடாது. அளவு பொதுவில் இருந்தால் கம்பெனியின் ஆயுளுக்கும் எந்திரத்தின் ஆயுளுக்கும் முடிச்சு இல்லை.

தொலைக்காட்சி பார்த்துச் சாலிடர் வைத்தவர்கள்

வி.எம்.இ. விலை ஆலைகளுக்குத்தான் கட்டும். வீட்டில் இருக்கும் பள்ளி மாணவருக்கு? அங்கேதான் வடஜெர்மன் வானொலி நிலையமான என்.டி.ஆர். நுழைகிறது. பெயரில் வானொலி இருந்தாலும் தொலைக்காட்சியும் அதன் கையில். 1984இல் அது நுண்மின்னணுவியல் பாடத்தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. கணினியை நீங்களே கட்டி, நீங்களே நிரல் எழுதுங்கள் என்பது அதன் சாரம். கணினியை வடிவமைத்தவர் ரோல்ஃப்-டீட்டர் க்ளைன். மியூனிக்கிலிருந்து வந்த எம்.சி. என்ற மைக்ரோகணினி இதழின் வாசகர்களுக்கு அவர் ஏற்கெனவே பழக்கமானவர். கணினிக்கு என்.டி.ஆர். க்ளைன் கணினி என்றே பெயர் விழுந்தது. கூடவே க்ளைனின் புத்தகம் வந்தது. பாகங்களைப் பை போட்டு விற்றது ஆல்ப்ஸ் அடிவாரத்துக் கெம்ப்டன் ஊரின் கிராஃப் எலெக்ட்ரானிக் நிறுவனம்.

கட்டும் முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அதில்தான் இந்த எந்திரத்தின் குணம் தெரியும்.

முதலில் மின்வழங்கி. பவ்5வி என்று பெயர். 5 வோல்ட் தரும். சாலிடர் வைத்து முடித்ததும் வேறு எதையும் இணைக்காமல் மீட்டர் வைத்து அளக்கவேண்டும். 5 வோல்ட் சரியாக வந்தால்தான் அடுத்த படி. பிறகு பஸ் போர்டு: வரிசையாகச் செருகு இணைப்பிகள், எல்லாவற்றிலும் அதே ஊசிக்கு அதே கம்பி. இங்கே க்ளைன் விலையுயர்ந்த 41612 இணைப்பியைக் கைவிட்டு, ஒற்றை வரிசை ஊசிகளை வைத்தார். மாணவரின் பையில் இருக்கும் காசு அவர் கணக்கில் இருந்தது.

மூன்றாவது எஸ்.பி.சி.2. இஸட்80 புராசஸரும் கொஞ்சம் நினைவகமும் நிரல் எழுதிய ஈப்ராம் சிப்பும் சேர்ந்த ஒரே கார்டு. ஐ.ஓ.இ. என்ற கார்டைச் செருகினால் விளக்கு எரியவைக்கலாம், சுவிட்சைப் படிக்கலாம். ஹெக்ஸ்ஐஓ வந்தால் எண் விசைகளும் எண் காட்டியும். இந்தக் கட்டத்திலேயே கணினி முழுமை. திரை இல்லை, எழுத்து இல்லை. ஆனால் நிரல் ஓடுகிறது. பணம் சேர்ந்தபோது ஜி.டி.பி.64கே கார்டு: 512க்கு 256 புள்ளிகளில் கோடு இழுக்கும் திரைக் கார்டு. கீ என்ற கார்டில் விசைப்பலகை. கேஸ் கார்டில் கேசட் ரெக்கார்டர். பிறகு ஃப்ளோ2வில் ஃப்ளாப்பி.

ஒவ்வொரு கார்டும் ஒரே ஒரு வேலைதான் செய்தது. கார்டை முடித்ததும் அதை மட்டும் செருகிச் சோதிக்கலாம். விளக்கு எரியவில்லை என்றால் பிழை எங்கே என்று ஊர் முழுக்கத் தேடவேண்டாம். கடைசியாகச் சாலிடர் வைத்த கார்டில்தான். கழற்றி மாட்டும் வசதி இங்கே விற்பனைத் தந்திரமாக வரவில்லை, பாடம் சொல்லும் முறையாக வந்தது.

க்ளைனின் சாமர்த்தியம் தெரிந்தது புராசஸர் மாற்றத்தில். இஸட்80 ஓர் 8 பிட் சிப். 1980களின் நடுவில் எல்லோரும் ஏங்கியது 68000 குடும்பத்துக்கு. ஆப்பிள் மெக்கின்டோஷ், கமடோர் அமீகா எல்லாம் அந்தச் சிப்பில்தான் ஓடின. அந்தக் குடும்பத்தில் 68008 என்று ஒரு தம்பி உண்டு. உள்ளே அண்ணனைப் போலவே சிந்திக்கும். வெளியே பேசும்போது மட்டும் 8 கம்பிகளில் பேசும். க்ளைன் அதைப் பிடித்துக்கொண்டார். இஸட்80 கார்டைக் கழற்று, 68008 கார்டைச் செருகு, ஈப்ராமை மாற்று. மின்வழங்கி அதே. பஸ் அதே. நினைவகக் கார்டு, திரைக் கார்டு, விசைப்பலகைக் கார்டு எல்லாம் அதே. மற்றவர்கள் பழைய கணினியை விற்றுப் புதியது வாங்கிக்கொண்டிருந்தபோது, இந்த மாணவர்கள் ஒரே ஒரு கார்டின் செலவில் தலைமுறை மாறினார்கள். பின்னால் 68000, 68020 கார்டுகளும் வந்தன.

வரைபடங்கள் முழுவதும் புத்தகத்தில் அச்சாகியிருந்தன. அதனால் கெம்ப்டன் நிறுவனத்தை நம்பியே இருக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தனக்கு வேண்டிய கார்டைத் தானே வடிவமைத்தவர்கள் உண்டு. இப்போதும் அந்தப் பஸ்ஸுக்குப் புதிய கார்டு செய்கிற ஆர்வலர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

கிழக்கு ஜெர்மனியில் கதையின் தொடக்கமே வேறு. அங்கே தட்டுப்பாடுதான் ஆசான். மேற்குலகின் கணினித் தொழில்நுட்பம் கிழக்கே போகக்கூடாது என்று ஏற்றுமதித் தடை இருந்தது. எர்ஃபுர்ட் ஆலை இஸட்80 சிப்பைப் பார்த்து யூ880 என்று ஒன்றைச் செய்தது. ரோபோட்ரான் நிறுவனம் அதை வைத்துக் கே 1520 என்ற கார்டு அமைப்பை உருவாக்கியது. அதன் போர்டு அளவு 215க்கு 170 மில்லிமீட்டர். மேற்கின் 100க்கு 160 சட்டத்தில் அது நுழையாது. நாடு இரண்டாகப் பிரிந்தபோது போர்டின் அளவும் பிரிந்தது.

1984இல் தூரிங்கியா பகுதியின் ம்யூல்ஹௌசன் ஊரில் இருந்த மின்னணு ஆலை கே.சி. 85/2 என்ற சிறு கணினியைக் கொண்டுவந்தது. 16 கிலோபைட் நினைவகம். பேசிக் மொழிகூட உள்ளே கிடையாது. கேசட்டிலிருந்து ஏற்றவேண்டும், அல்லது அதற்கென்று ஒரு மாட்யூல் வாங்கிச் செருகவேண்டும். பெட்டியின் முன்பக்கம் இரண்டு செருகு அறைகள். எம்022 செருகினால் 16 கிலோபைட் கூடும். எம்011 செருகினால் 64. இரண்டு அறை போதவில்லை என்றால் டி002 என்ற பெட்டியைக் கணினியின் மேல் அடுக்கலாம். அதில் இன்னும் நான்கு அறைகள். பிறகு ஃப்ளாப்பிக்கு டி004 வந்தது. அதற்குள்ளேயே தனியாக ஒரு யூ880 புராசஸர். இப்படிக் கணினி மேல்நோக்கி மாடி மாடியாக வளர்ந்தது.

இதில் ஓர் அம்சத்தை நின்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாட்யூலும் தன் அடையாள எண்ணைத் தன்னிடமே வைத்திருந்தது. எந்த அறையில் எது செருகியிருக்கிறது என்று கணினி கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஸ்விட்ச் என்ற கட்டளையால் ஒரு மாட்யூலை இயக்கலாம், அணைக்கலாம், எந்த முகவரியில் உட்காரவேண்டும் என்றும் சொல்லலாம். அதே காலத்து ஐ.பி.எம். பி.சி.யில் கார்டு செருகுபவர்கள் குட்டிச் சுவிட்சுகளை நகத்தால் நெம்பி, ஒரு கார்டும் இன்னொன்றும் மோதாமல் பார்த்துக்கொள்ளும் அவஸ்தையில் இருந்தார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த ம்யூல்ஹௌசன் பெட்டி அந்த ஒரு விஷயத்தில் முந்திக்கொண்டது.

இந்தக் கணினிகள் பெரும்பாலும் பள்ளிக்கும் ஆய்வகத்துக்கும் ஆலைக்கும்தான் போயின. தனியாருக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. 1990இல் இரு ஜெர்மனியும் இணைந்ததும் மேற்கின் மலிவான கணினிகள் உள்ளே வந்தன, ம்யூல்ஹௌசன் கணினியின் காலம் முடிந்தது. ஆனால் கையேட்டில் செருகு அறையின் மின்வரைபடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பழைய பயனர்கள் புதிய மாட்யூல்கள் செய்தார்கள். அவற்றில் எம்052 என்ற ஒன்று யு.எஸ்.பி.யையும் வலையமைப்பையும் கொண்டுவந்து சேர்க்கிறது. 1984இல் வடிவமைத்த அறைக்குள் அது நுழைகிறது. செய்த ஆலையும் இல்லை, ஆலையை நடத்திய அரசும் இல்லை. செருகு அறை மட்டும் வேலை செய்கிறது.

ஏன் மூடிக்கொண்டது?

இவ்வளவு நல்ல வழி ஏன் ஊர்வழியாகவில்லை என்று கேட்கலாம். மேசைக் கணினியில் ஆயிற்று. 1981இல் ஐ.பி.எம். தன் பி.சி.யின் மின்வரைபடங்களைத் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டது. அதன் செருகு வாய்களுக்கு உலகமே கார்டு செய்தது. சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை, கேபினெட் ஒரு கடை என்று வாங்கி மாலைக்குள் கணினி கட்டிக்கொண்டு போன தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். பொது அளவு இல்லாமல் அந்தத் தெருவுக்குக் கணினி வியாபாரம் இல்லை.

மடிக்கணினி வந்தபோதுதான் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. ஒவ்வொரு கம்பெனியும் தன் போர்டைத் தன் பெட்டியின் வளைவுக்கேற்ப வெட்டியது. மெலிவு முதல் காரணம். செருகு வாய்க்கு உயரம் வேண்டும். இரண்டாவது காரணம் இயற்பியல். இஸட்80 நொடிக்கு நாற்பது லட்சம் துடிப்பில் ஓடியபோது, சமிக்ஞை நீளமான பஸ் போர்டைக் கடந்து வருவதற்கு அவகாசம் தாராளம். இன்றைய நினைவகச் சிப்புகள் அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலான வேகத்தில் பேசுகின்றன. அந்த வேகத்தில் ஒவ்வொரு இணைப்பியும் சமிக்ஞைக்கு ஒரு மேடுபள்ளம். எனவே நினைவகத்தைப் புராசஸரின் பக்கத்திலேயே சாலிடர் வைத்துவிடுவது பொறியாளருக்குச் சுலபம். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. முழு நியாயம் இல்லை. வேகமான நினைவகத்தையும் கழற்றும்படி செய்யக் கேம்2 என்ற பொது அளவை 2023 டிசம்பரில் ஜெடெக் அமைப்பு வெளியிட்டுவிட்டது. ஒட்டுவது ஒரு தேர்வு, விதி அல்ல.

தொழிற்சாலை உலகம் இதை எப்போதோ தீர்த்துக்கொண்டது. அதுவும் ஜெர்மனியில்தான். பவேரியாவின் டெக்கன்டார்ஃப் சிறு நகரம். அங்கிருந்த ஜம்ப்டெக் நிறுவனம் 2000ஆம் ஆண்டை ஒட்டி இ.டி.எக்ஸ். என்ற உள்ளங்கை அளவுக் கணினிப் போர்டை அறிமுகப்படுத்தியது. 95க்கு 114 மில்லிமீட்டர். புராசஸர், நினைவகம் எல்லாம் அதில்; கேபிள் வாய்களும் மின்வழங்கியும் கீழே உள்ள தாங்கிப் போர்டில். மருத்துவமனை ஸ்கேன் எந்திரம் செய்பவர் தாங்கிப் போர்டை ஒருமுறை வடிவமைத்தால் போதும். புராசஸர் பழசானால் மேல் போர்டை மட்டும் மாற்றுவார். ஜம்ப்டெக் 2002இல் கோன்ட்ரானோடு இணைந்தது. 2005இல் இதே கருத்து காம் எக்ஸ்பிரஸ் என்ற சர்வதேசத் தரமாக வந்தது. அதே டெக்கன்டார்ஃபில் காங்காடெக் என்ற இன்னொரு நிறுவனமும் முளைத்து, இதே அளவில் போர்டு செய்து போட்டியிட்டது. எந்திரம் வாங்குபவருக்குக் கிடைத்த இந்த வசதி, மடிக்கணினி வாங்குபவருக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

பெர்லினில் பதில்

அந்தக் கேள்விக்குப் பெர்லினில் லூகாஸ் ஹார்ட்மன் என்ற நிரலாளர் கையால் பதில் சொன்னார். அவருடைய எம்.என்.டி. ரிசர்ச் நிறுவனம் 2017இல் முன்மாதிரியைக் காட்டியது. 2020இல் மக்களிடம் முன்பணம் திரட்டி ரிஃபார்ம் என்ற மடிக்கணினியைச் செய்தது. மேசையில் வைத்தால் இன்றைய மெல்லிய கணினிகளுக்கு நடுவில் அது தடியாகத்தான் தெரியும். விசைகள் பழைய தட்டச்சுக் கருவி போல அமுங்கி எழும். சுட்டிக்கு ஓர் உருளைப் பந்து. கேமரா இல்லை, மைக் இல்லை. திருப்பிப் பார்த்தால் அடிப்பலகை கண்ணாடி போன்ற அக்ரிலிக். உள்ளே இருப்பது எல்லாம் தெரியும். பேட்டரி என்று ஒட்டிய பொட்டலம் எதுவும் இல்லை. 18650 என்ற பொது அளவில் எட்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று செத்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று போடலாம்.

புராசஸர் ஒரு தனி மாட்யூல். மடிக்கணினி ரேம் போல ஒரு வாயில் செருகிக்கொள்ளும். முதலில் வந்தது என்.எக்ஸ்.பி. நிறுவனத்தின் ஐ.எம்.எக்ஸ்.8 சிப், வேகம் சுமார்தான். பின்னால் ராக்சிப் ஆர்.கே.3588 சிப்போடு பல மடங்கு வலுவான மாட்யூல் வந்தது. முதல் நாள் வாங்கியவர்களும் அதே பெட்டியில், அதே திரையோடு, அதைச் செருகிக்கொண்டார்கள். க்ளைன் 1980களில் செய்ததும் இதுதான். மின்வரைபடம், போர்டு வடிவம், பெட்டியின் அளவுகள் எல்லாம் திறந்த உரிமத்தில் வெளியாகியிருக்கின்றன. நாளை அந்தச் சிறு நிறுவனம் இல்லாமல் போனாலும் பாகம் செய்ய யாருக்கும் தடையில்லை.

குறையும் உண்டு. இதே வேகத்தில் ஓடும் சந்தைக் கணினியைவிட விலை அதிகம், கனமும் அதிகம். சின்ன எண்ணிக்கையில் செய்வதால் விலை குறைவதில்லை. விலை குறையாததால் எண்ணிக்கை கூடுவதில்லை. இந்தச் சுழலை ஒரு தனி நிறுவனம் உடைக்க முடியாது.

அதற்குத்தான் இப்போது சட்டம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிமுறையை நிறைவேற்றியது; உறுப்பு நாடுகள் அதைத் தம் சட்டமாக்க 2026 ஜூலை 31 கெடு. சலவை எந்திரம், குளிர்பெட்டி, செல்பேசி எல்லாம் அதன் பட்டியலில் இருந்தன. நிறைவேறியபோது மடிக்கணினி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒன்றியத்தின் இன்னொரு சட்டமான பேட்டரிச் சட்டம் 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே மாற்ற வழி இருக்கவேண்டும் என்கிறது. அதில் மடிக்கணினியும் அடக்கம். சட்டங்கள் இப்போதைக்குத் திருகாணி வரைதான் வந்திருக்கின்றன. ஒரு கம்பெனியின் போர்டு இன்னொரு கம்பெனியின் பெட்டியில் உட்காரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இன்னும் சொல்லவில்லை. 100க்கு 160 என்று அன்று வகுத்தவர்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை; கூடி உட்கார்ந்து அளவைப் பொதுவில் வைத்தார்கள், சந்தை பின்னால் வந்தது. மடிக்கணினி செய்பவர்கள் அதைத் தாமாகச் செய்வார்கள் என்பதற்கு இதுவரை அடையாளம் இல்லை.

ஆகவே கேட்கும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில்தான். அடுத்த முறை மடிக்கணினி வாங்கக் கடைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ரேம் செருகியதா, சாலிடர் வைத்ததா? பேட்டரியைத் திருகாணி பிடித்திருக்கிறதா, பசை பிடித்திருக்கிறதா? பழுதுபார்க்கும் கையேடு பொதுவில் கிடைக்குமா? கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால், கேட்டுச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டு வாருங்கள். நூறு பேர் கேட்டால் அந்தக் கேள்வி கம்பெனிவரை போய்ச்சேரும்.

(தொடரும்)